மலிவான மீனும் குடும்ப நலமும்

(திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூடிய கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்ஸ்பெக்டர் என்பவன் வந்தால் தவணை தவறிய கடனைப் பற்றியும், பாஸ் புஸ்தகத்தைப் பற்றியும், பேரேட்டில் விடுபட்ட கையெழுத்தைப் பற்றியுமே பேசுவான் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். இன்று அவற்றை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, நமது வீட்டு அடுப்பங்கரையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல உங்கள் நிர்வாகக் குழுவினர் எனக்கு உத்தரவு கொடுத்திருக்கிறார்கள். மீன் உண்ணாதவர்களும் இச்சபையில் இருக்கலாம். அவர்கள் இதனைச் சங்கத்தின் பொதுக் காரியம் என்று கருதிக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

கூட்டுறவுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். இரண்டும் நமது மாகாணத்தில் ஒரே மனிதருடைய முயற்சியால் உருப்பெற்றவை. சர் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி, குடியானவர்கள் வட்டிக் கடனில் மூழ்குவதைத் தடுக்க வழி தேடி, ஜெர்மனி தேசத்தில் ரெய்பைசன் என்பார் நிறுவிய சங்கங்களின் மாதிரியை நமக்கு எடுத்துக் காட்டி, 1895-லும் 1897-லும் அறிக்கைகள் வெளியிட்டார். அதன் பின் 1904-ஆம் வருஷம் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அதே வருஷம் அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கிராமச் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரச் சங்கமும் பதிவாயின. இந்த நிக்கல்சன் துரையிடமே 1905-இல் மீன் பிடிப்பைப் பற்றிய விசாரணை ஒப்படைக்கப்பட்டது. 1907-இல் மதராஸ் மீன்துறை ஏற்பட்டது. கடனிலிருந்து ஏழையை மீட்க எண்ணியவர், கடலிலிருந்து வரும் உணவும் கெடாமல் ஏழையின் வீட்டை அடைய வேண்டும் என்று எண்ணியதில் ஆச்சரியமில்லை. இரண்டும் ஒரே காரியத்தின் இரு பகுதிகள்.

இனி விஷயத்திற்கு வருவோம். கோவளம் முதல் மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் வழியாகத் தெற்கே செல்லும் நமது கடற்கரையில், மீனவ சகோதரர்கள் கண்ணாடியிழைப் படகுகளில் விடியுமுன் சென்று, அன்றே மணற்கரைக்குத் திரும்புகிறார்கள். வலையில் வஞ்சிரமும் வவ்வாலும் விழுந்தால் வியாபாரிகள் ஏலத்தில் எடுத்துச் சென்னைக்கும் ஹோட்டல்களுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். மத்தி, கவலை, நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி, வாளை ஆகியவை கூறு கட்டி விற்கப்படுகின்றன. ஒரு கிலோ வஞ்சிரத்தின் விலைக்கு மூன்று நான்கு கிலோ மத்தி கிடைக்கும்.

விலை குறைந்தது என்பதால் சத்தும் குறைந்தது என்று எண்ணுவது தவறு. மீனின் சதையில் நூறு கிராமுக்குச் சுமார் 18 முதல் 20 கிராம் வரை புரதம் உண்டு. வஞ்சிரமாயினும் மத்தியாயினும் இதில் பெரிய பேதமில்லை. இதய நலத்திற்கு உகந்த ஒமேகா-3 என்னும் கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் நிறைய உள்ளது. நெத்திலியை முள்ளோடு உண்கிறோமாதலின் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் உடன் வருகிறது. பெரிய சுறா, வாள்மீன் போன்றவற்றில் பாதரசம் சேர்ந்திருப்பதால் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அவற்றைத் தவிர்ப்பது நலம். சிறு மீன்களில் அந்தப் பயம் மிகக் குறைவு. ஆகவே ஏழையின் மீனே நல்ல மீன் என்று சொல்வதில் மிகையில்லை.

ஆனால் இந்த நல்ல மீனுக்கு ஒரு குறை உண்டு. அது மிகச் சீக்கிரத்தில் கெடும். கொழுப்பு மிகுந்தது, தோல் மெல்லியது, குடலோடு விற்கப்படுவது. ஆதலால் நமது வெயிலில் சில மணி நேரமே தாங்கும். இவ்விடத்தில்தான் நாம் ஒரு பெரிய தப்பெண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். “மீன் கொஞ்சம் பதம் கெட்டிருந்தால் என்ன? புளியும் மிளகாயும் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்” என்று அநேகர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொதியில் கிருமிகள் சாகும் என்பது மெய். ஆனால் கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி, சூரை ஆகிய மீன்கள் வெயிலில் கிடக்கும்போது, கிருமிகள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் ஒருவகை நச்சை உண்டாக்கிவிடுகின்றன. அந்த நச்சு ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, உப்பிட்டாலும் ஐஸில் வைத்தாலும் போகாது. உண்ட சில நிமிஷங்களிலிருந்து இரண்டொரு மணி நேரத்திற்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்புக் கண்டு, நெஞ்சு படபடக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். மூச்சுத் திணறினால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

நாம் மலிவாக வாங்கும் மீன்களே பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். ஆகையால் இவற்றின் நன்மை அடுப்பில் தீர்மானமாவதில்லை. படகு கரைக்கு வந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில், மீன்மேல் ஐஸ்கட்டி விழுந்ததா இல்லையா என்பதில் தீர்மானமாகிறது.

அப்படியிருக்க, நமது ஊருக்கு வரும் கூடைக்காரம்மா ஏன் ஐஸ் போடுவதில்லை? அவரைக் குறை கூறுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். கூடையைத் திறந்ததும் ஐஸ்கட்டி தெரிந்தால் நாம் என்ன சொல்கிறோம்? “இது ஐஸ் மீன், நேற்றைய மீன், எனக்கு வேண்டாம்” என்கிறோம். அல்லது பாதி விலைக்குக் கேட்கிறோம். கடலோரத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வெயிலில் ஐஸ் இல்லாமல் வந்த மீனை, “இப்போது பிடித்தது” என்று மகிழ்ச்சியோடு வாங்குகிறோம். அவர் ஐஸுக்குக் காசு செலவழித்து, அதனாலேயே விலையையும் இழக்க வேண்டியிருக்கிறது. ஆதலால் ஊர் எல்லையில் ஐஸை உதறிவிட்டு, மீன்மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வருகிறார். இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் வாங்குகிறவர்களாகிய நாமேயன்றி அவரல்லர்.

ஐஸில் வெகு நாள் கிடந்த மீனும் கெடும் என்பது உண்மையே. மத்தி போன்ற மீன் நல்ல ஐஸில் இருந்தாலும் நான்கைந்து நாட்களுக்கு மேல் நற்பதத்தில் நில்லாது. எனினும் காலையில் பிடித்து உடனே ஐஸில் இட்ட மீன், காலையில் பிடித்து நண்பகல் வரை வெயிலில் வாடிய மீனைவிட எவ்வளவோ மேலானது. மீனை ஐஸைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். மீனையே பார்த்து மதிப்பிடுங்கள்.

அதற்கு அடையாளங்கள் இவை. கண் தெளிந்து சற்றுப் புடைத்திருக்க வேண்டும், குழிந்து வெளுத்திருக்கலாகாது. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவந்திருக்க வேண்டும். பழுப்பேறி வழுவழுவென்றிருந்தால் வாங்கக்கூடாது. விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்ப வேண்டும். வயிறு வெடித்திருக்கக்கூடாது. வாசனை கடல் வாசனையாக இருக்க வேண்டும். நண்டு உயிரோடிருக்கும்போது வாங்குவதே உத்தமம். மட்டியானால் ஓடு இறுக மூடியிருக்க வேண்டும்.

நாற்றமே இல்லை என்பதை மட்டும் நற்சான்றாகக் கொள்ளலாகாது. பிணங்களைக் கெடாமல் வைக்கப் பயன்படும் பார்மலின் என்னும் மருந்து மீனில் கலக்கப்படுவதாக 2018-ஆம் வருஷம் கேரளத்திலும் சென்னையிலும் பெரிய கவலை எழுந்தது நினைவிருக்கலாம். உணவில் அதனைச் சேர்க்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. கொச்சியிலுள்ள மத்திய மீன் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் இதனைக் கண்டுபிடிக்க எளிய காகிதத் துண்டுச் சோதனை ஒன்றை அமைத்திருக்கிறார்கள். கண் வாடி, செவுள் வெளுத்து, சதை மட்டும் ரப்பர்போல விறைத்து, யாதொரு வாசனையும் இல்லாத மீனைக் கண்டால் வாங்காமல், உணவுப் பாதுகாப்புத் துறையினருக்குத் தெரிவிப்பது நமது கடமை.

மீன் வீட்டிற்கு வந்தபின் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, வாங்கிய மீனை மற்ற வேலைகள் முடியும் வரை திண்ணையில் வைக்கக்கூடாது. கோடைக் காலத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஐஸின்றி இருத்தல் ஆகாது. உடனே ஆய்ந்து, செவுளையும் குடலையும் நீக்கிக் கழுவ வேண்டும். கெடுதல் பெரும்பாலும் குடலிலிருந்தும் செவுளிலிருந்துமே தொடங்குகிறது.

இரண்டாவது, கழுவும் தண்ணீர் குடிக்கத் தகுந்த தண்ணீராக இருக்க வேண்டும். குளத்து நீரில் கழுவினால் மீனில் இல்லாத நோயை நாமே அதில் ஏற்றியவர்களாவோம். கல் உப்பும் மஞ்சளும் இட்டுத் தேய்ப்பது கவிச்சியைப் போக்கும். கெட்ட மீனை நல்ல மீனாக்காது.

மூன்றாவது, மீன் ஆய்ந்த அரிவாள்மனையையும் கையையும் சோப்பிட்டுக் கழுவிய பிறகே வெங்காயமோ தேங்காயோ நறுக்கத் தொட வேண்டும். பச்சை மீன் இருந்த தட்டில் வெந்த மீனை வைக்கக்கூடாது.

நான்காவது, உடனே சமைக்காவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்து மறுநாளைக்குள் சமைத்துவிட வேண்டும். பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கு வேண்டிய அளவே வாங்குவது சிக்கனம். “நேற்று வைத்த மீன் குழம்பு” ருசியானது என்பதை நான் மறுக்கவில்லை. புளி கிருமிகளின் வேகத்தைக் குறைக்கும்; ஆனால் அடியோடு தடுக்காது. மறுநாளைக்கு வைக்க வேண்டுமானால் இரவே ஆறவைத்துப் பெட்டியில் வைத்து, காலையில் நடுச்சட்டி வரை கொதி வரும்படி சூடாக்கி உண்ணுங்கள்.

இப்போது தாய்மார்களுக்காக மூன்று பாகங்கள் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. எண்ணெயும் செலவும் குறைத்துச் செய்யும் விதத்தையே எடுத்துரைக்கிறேன்.

கவலை மீன் குழம்பு: ஐந்து பேருக்கு அரைக் கிலோ மீன் போதும். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து வைத்துக்கொள்ளவும். மண்சட்டியில் மூன்று மேஜைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, பதினைந்து சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, இரண்டு தக்காளி சேர்த்து வதக்கவும். இரண்டு தேக்கரண்டி மிளகாய்த் தூளும், மூன்று தேக்கரண்டி மல்லித் தூளும், மஞ்சளும் உப்பும் இட்டுப் புளிக்கரைசலை ஊற்றிப் பச்சை வாசனை போகும் வரை பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கொதிக்க விடவும். அதன் பிறகே மீனைப் போட வேண்டும். ஏழெட்டு நிமிஷத்தில் வெந்துவிடும். கரண்டியால் கிளறாமல் சட்டியைத் தூக்கிக் குலுக்கவும். சதை வெளுத்து முள்ளை விட்டுப் பிரிவதே வெந்ததற்கு அடையாளம். மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்து மாங்காய்த் துண்டு சேர்க்கலாம்.

மத்திப் புட்டு: குழந்தைகளுக்கும் முதியோருக்கும் முள் பயமின்றிக் கொடுக்கத் தக்கது. அரைக் கிலோ மத்தியை மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்து, ஆறியதும் தோலையும் முள்ளையும் நீக்கி உதிர்க்கவும். இரண்டு கரண்டி எண்ணெயில் கடுகு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு வதக்கி, உதிர்த்த மீனைக் கொட்டிக் கிளறி, மிளகுத் தூள் தூவி இறக்கவும். சுறாவிற்குக் கொடுக்கும் விலையில் பாதிகூட ஆகாது. முள் நீக்கும் வேலையை அவசரமின்றி நல்ல வெளிச்சத்தில் செய்ய வேண்டும்.

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு: நூறு கிராம் கருவாட்டின் தலையைக் கிள்ளிச் சுடுநீரில் இரண்டு மூன்று முறை கழுவினால் மணலும் அதிக உப்பும் நீங்கும். கத்தரிக்காயும் ஊறவைத்து வேகவைத்த மொச்சையும் சேர்த்து, மேற்சொன்னபடி புளிக் குழம்பாக வைக்கவும். குழம்பில் உப்பைக் கடைசியில் ருசி பார்த்தே சேர்க்க வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கருவாட்டை அளவோடு உண்பது நலம்.

இந்தக் கருவாடு நமக்கு மிகவும் வேண்டிய பொருள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிப்பு. அக்காலங்களில் மீன் விலை ஏறும். மலிந்த காலத்தில் உலர்த்தி வைத்தால் மலியாத காலத்திற்கு உதவும். வெள்ளையர் ஆட்சியில் உப்புக்கு வரி இருந்தபோதும், மதராஸ் மாகாணக் கடற்கரைகளில் மீனுக்கு உப்பிடுவதற்கென்று தனி முற்றங்கள் ஏற்படுத்தி, வரியில்லாத உப்பை அங்கே கொடுத்தார்கள். நல்ல உப்பின்றி நல்ல கருவாடு இல்லை என்பதை அக்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். இன்று உப்பு மலிவு. எனினும் மீனை வெறும் மணலில் பரப்பும் வழக்கம் முற்றிலும் போகவில்லை. நாய், கோழி, ஈ யாவும் அதன்மேல் நடமாடுகின்றன. மூங்கிலால் இடுப்பளவு உயரத்தில் பரண் கட்டி, வலை விரித்து, அதன்மேல் உலர்த்தினால் காற்று இருபுறமும் பாயும், மண் ஒட்டாது, சீக்கிரம் காயும், விலையும் கூடும். உப்பிடும் மீனானால் குடல் நீக்கிக் கழுவி, நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு இட வேண்டும். சிவப்புப் படர்ந்த கருவாட்டையும், பூசணம் பிடித்ததையும் விலக்குங்கள்.

எந்தச் சமையலுக்கும் அடங்காத சில பொருள்களையும் எச்சரித்தாக வேண்டும். காற்றடைத்த பந்துபோல் ஊதும் பேத்தை மீனின் நஞ்சு கொதியால் அழியாது. அது உயிரைப் போக்கும். மட்டியிலும் சில காலங்களில் கடல் நுண்பாசியின் நஞ்சு சேர்வதுண்டு. 1981-ஆம் வருஷம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் மட்டி உண்டு மூவர் மாண்டனர். எண்பதுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். கடல் நீர் நிறம் மாறி மீன்கள் செத்து ஒதுங்கும் காலத்தில் மட்டி பொறுக்கலாகாது. உண்டபின் உதடும் விரலும் மரத்துப்போனால் வீட்டு வைத்தியத்தில் காலம் கழிக்காமல் வைத்தியரிடம் ஓடுங்கள்.

கடைசியாக, சங்கம் செய்யக்கூடியது என்ன? ஒருவர் தனியே ஐஸ் வாங்கினால் செலவு. பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் அது செலவாகத் தோன்றாது. நமது வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, உருகும் நீர் வடிய வழி விட வேண்டும். குடிநீரில் செய்த ஐஸாகவும் இருக்க வேண்டும். இவ்வூருக்கு மீன் கொண்டுவரும் பெண்மணிகள் மகளிர் சுயஉதவிக் குழுவாக இருந்தால், வெப்பம் தாக்காத ஐஸ் பெட்டி வாங்க அவர்களுக்குச் சிறு கடன் கொடுக்கும் விஷயத்தை நிர்வாகக் குழு ஆலோசிக்கலாம். அதற்கு ஈடாக நாம் கொடுக்க வேண்டியது ஒரு வாக்குறுதிதான்: ஐஸில் வந்த மீனுக்கு விலை குறைத்துக் கேட்கமாட்டோம் என்பதே அது.

நான் கடன் மனுக்களைப் பார்வையிடும்போது, விதை, உரம் என்று வாங்கிய கடன் வயிற்றுப்போக்கு வைத்தியத்தில் கரைந்துபோன குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். நான்கு நாள் கூலி போவதும், குழந்தை இளைத்துப்போவதும் பேரேட்டில் எழுதப்படாத நஷ்டங்கள். கூறு மீனில் பத்து ரூபாய் பேரம் பேசி மீதம் பிடித்து, ஆஸ்பத்திரியில் ஆயிரம் ரூபாய் கொடுப்பது சிக்கனமாகாது. கடல் நமக்கு நல்ல உணவை மலிவாகவே தருகிறது. அதைக் கெடாமல் வீட்டிற்குக் கொண்டுவரும் செலவு மட்டும் நம்முடையது. அதனை எல்லோரும் பகிர்ந்துகொள்வோமானால் எவருக்கும் பாரமிராது.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஐஸ் பெட்டியைப் பற்றிய தீர்மானத்தை உங்கள் மினிட் புஸ்தகத்தில் காண்பேன் என்று நம்புகிறேன்.